இரண்டாவது பம்பு வாங்குவதற்கு முன் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நேரமில்லாதவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் வாட்டர் கூலிங் வைத்திருப்பவர்கள், சூடு குறையவில்லை என்றதும் பெரிய பம்பு வாங்க ஓடுகிறார்கள். பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு அது வீண் செலவு என்பது என் கருத்து. தண்ணீர் ஓரளவு வேகமாக ஓடத் தொடங்கிய பிறகு, அதை இன்னும் வேகமாக ஓட்டுவதால் கிடைக்கும் பலன் மிகச் சிறியது. இதை என் வார்த்தைக்காக நீங்கள் நம்ப வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு தெர்மாமீட்டரும் இருந்தால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பது நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். என் தங்கை மகன் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து பிழைப்பவன். கடன் வாங்கித்தான் கம்ப்யூட்டர் போட்டான். பிராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டுக்கும் வாட்டர் கூலிங். சித்திரை, வைகாசியில் முகூர்த்தங்கள் நெருங்கி வரும்போதுதான் அவனுக்கு வேலை அதிகம். அதே மாதங்களில்தான் வெயிலும் அதிகம். ரெண்டரிங் ஓட விட்டால் அரை மணி நேரத்தில் சூடு ஏறி, பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடுகிறது. விடியற்காலையில் முடிய வேண்டிய வேலை மதியம் வரை இழுக்கிறது. பெண் வீட்டார் போன் மேல் போன் போடுகிறார்கள். கடையில் போய்க் கேட்டிருக்கிறான். "பம்பு பத்தலை, இன்னொண்ணு சேர்த்துப் போடுங்க" என்று 12,000 ரூபாய்க்குக் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். குழுவில் ஆளுக்கு ஒரு யோசனை. "மாமா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னிடம் கேட்டான். "முதல்ல அளந்து பார்ப்போம்டா" என்றேன்.

வாட்டர் கூலிங் என்றால் என்ன என்று கேட்கும் அத்தைமார்களுக்காக இரண்டு வரி. பிராசசரின் தலையில் ஒரு செம்புத் தகடு உட்கார்ந்திருக்கும். அதற்குள் முடி போன்ற மெல்லிய பள்ளங்கள் வழியாகத் தண்ணீர் ஓடும். சூடான தண்ணீர் குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போகும். காரில் இருப்பது போன்ற ரேடியேட்டர்தான், அளவில் சிறியது. அங்கே ஃபேன் காற்று பட்டு ஆறி, மறுபடி செம்புத் தகட்டுக்குத் திரும்பி வரும். இப்படிச் சுற்ற வைப்பது பம்பு.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1980இல் ஐ.பி.எம். வெளியிட்ட 3081 என்ற பெரிய கம்ப்யூட்டரிலேயே தண்ணீர்தான் சிப்புகளின் சூட்டை எடுத்துப் போனது. 1981இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டக்கர்மேன், பீஸ் என்ற இருவர், சிலிக்கானிலேயே நுண்ணிய வாய்க்கால்கள் வெட்டித் தண்ணீர் விட்டால் ஒரு சதுர சென்டிமீட்டரில் 790 வாட் வரை வெப்பத்தை எடுக்க முடியும் என்று காட்டினார்கள். இன்று கடையில் விற்கும் தகட்டின் மெல்லிய பள்ளங்கள் அந்த யோசனையின் வழியில் வந்தவை. 2004இல் ஆப்பிள் தன் பவர் மேக் ஜி5 கம்ப்யூட்டரில் திரவக் குளிர்விப்பை வைத்து விற்றது.

இப்போது கணக்குக்கு வருவோம். என்னிடம் படித்தவர்கள் யாரும் இதை மறந்திருக்க முடியாது. வெப்பம் = நிறை × தன்வெப்பம் × வெப்பநிலை மாற்றம். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4,186 ஜூல் வேண்டும். கலோரிமீட்டரைக் கலக்கிக்கொண்டே அரை நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுத்தோமே, அதே தண்ணீர்தான், அதே சூத்திரம்தான்.

பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 300 வாட் வெப்பம் விடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1 லிட்டர் தண்ணீர் ஓடினால், அது இரண்டையும் கடந்து வரும்போது சுமார் 4.3 டிகிரி சூடாகும். 2 லிட்டர் ஓடினால் 2.15 டிகிரி. 4 லிட்டர் ஓடினால் 1.07 டிகிரி. 8 லிட்டர் ஓடினால் 0.54 டிகிரி.

இந்த நான்கு எண்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். 1 லிட்டரிலிருந்து 2 லிட்டருக்குப் போனபோது இரண்டு டிகிரிக்கு மேல் லாபம். 4லிருந்து 8க்குப் போனபோது அரை டிகிரிதான். முதல் தடவை கூட்டியது 1 லிட்டர், இரண்டாவது தடவை கூட்டியது 4 லிட்டர். நான்கு மடங்கு கூடுதலாக உழைத்து, நான்கில் ஒரு பங்கு கூலி. தாகத்தில் குடிக்கும் முதல் டம்ளருக்கும் ஐந்தாவது டம்ளருக்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

வேகமாக ஓடும் தண்ணீர் செம்பிலிருந்து வெப்பத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும் என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் அதைத் தனியாகப் பார்க்கக் கூடாது. சிப்பில் பிறக்கும் வெப்பம் முதலில் சிலிக்கானைக் கடக்க வேண்டும். பிறகு அதன் மேல் உள்ள உலோக மூடி, தெர்மல் பேஸ்ட், செம்புத் தகடு. அதற்குப் பிறகுதான் தண்ணீர். தண்ணீரிலிருந்து ரேடியேட்டரின் தகடுகள், அங்கிருந்து காற்று. திருவாரூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பியவர், வீட்டிலிருந்து பேருந்து நிலையத்துக்குப் போகும் ஆட்டோவை மட்டும் இரட்டை வேகத்தில் ஓட்டச் சொன்னால் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருவார்? ஐந்து நிமிடம் மிச்சமாகும். தாம்பரத்தில் நிற்கும் ஒரு மணி நேரம் அப்படியேதான் இருக்கும்.

கம்ப்யூட்டருக்குத் தாம்பரம் எது என்றால், பெரும்பாலும் காற்றுதான். ஒரே கன அளவை எடுத்துக்கொண்டால், தண்ணீர் தாங்கும் வெப்பத்தில் ஏறக்குறைய 3,500இல் ஒரு பங்கைத்தான் காற்று தாங்கும். அதே 300 வாட்டைக் காற்று பத்து டிகிரி சூடாகி எடுத்துப்போக வேண்டும் என்றால், நிமிடத்துக்குச் சுமார் 1,500 லிட்டர் காற்று ரேடியேட்டர் வழியாகப் போக வேண்டும். ஒரு பக்கம் 4 லிட்டர் தண்ணீர், மறு பக்கம் 1,500 லிட்டர் காற்று. நெரிசல் எங்கே இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அடுத்தது பம்பின் அட்டையில் போட்டிருக்கும் எண்கள். இதில் ஏமாறுவதுதான் எனக்கு ஆச்சரியம். கிணற்று மோட்டாரோடு வளர்ந்தவர்கள் நாம். வாட்டர் கூலிங் செய்பவர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் டி5 என்ற பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் ஓடுவது. அட்டையில் மணிக்கு 1,500 லிட்டர் என்றும், ஏறக்குறைய 4 மீட்டர் ஹெட் என்றும் போட்டிருக்கும். நிமிடத்துக்கு 25 லிட்டர்! ஆனால் இந்த இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. குழாய், தகடு எதுவும் இல்லாமல் வெறுமனே ஓடவிட்டால் கிடைப்பது 1,500 லிட்டர். வாயை அடைத்துவிட்டால் வரும் அழுத்தம் 4 மீட்டர். நிஜ வாழ்க்கை இரண்டுக்கும் நடுவில். நம் ஊர் மோட்டார் பலகையிலும் ஹெட் கூடக் கூட டிஸ்சார்ஜ் குறையும் என்று அட்டவணை போட்டிருப்பார்களே, அதே கதைதான். முடி போன்ற பள்ளங்களுக்குள் தள்ளும்போது அந்த 25 லிட்டர் வழக்கமாக 4, 5 லிட்டராகச் சுருங்கிவிடும்.

சரி, இரண்டு பம்பை அடுத்தடுத்து மாட்டினால் ஓட்டம் இரண்டு மடங்கு ஆகாதா? ஆகாது. அழுத்தம்தான் இரண்டு மடங்காகும். குழாயும் தகடும் காட்டும் தடை, ஓட்டத்தின் இருமடிக்கு நெருக்கமாக ஏறும். ஓட்டத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் ஏறக்குறைய நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அதிகபட்சம் இரண்டின் வர்க்கமூலம், அதாவது 1.4 மடங்கு ஓட்டம். 5 லிட்டர் 7 லிட்டராகும். தண்ணீர் சூடாகும் அளவு 0.86 டிகிரியிலிருந்து 0.61 டிகிரிக்கு வரும். 12,000 ரூபாய்க்குக் கால் டிகிரி.

அந்தக் கால் டிகிரியும் கையில் நிற்காது. பம்பும் ஒரு மின் கருவி. முழு வேகத்தில் டி5 வாங்கும் சுமார் 20 வாட் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகி அதே தண்ணீருக்குள்தான் போகிறது. 300 வாட்டுக்கு ரேடியேட்டர் தண்ணீரைக் காற்றைவிடப் பத்து டிகிரி மேலே வைத்திருக்கிறது என்றால், கூடுதலாக வரும் 20 வாட் அதை இன்னும் முக்கால் டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக மேலே ஏற்றும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்கிற கதை. சத்தம் வேறு. பம்பின் சுழற்சி வேகத்துக்கும் அது தண்ணீரைத் தள்ளச் செலவிடும் சக்திக்கும் மும்மடி உறவு. வேகத்தைப் பாதியாக்கினால் ஓட்டம் பாதியாகும், சக்தி எட்டில் ஒன்றாகும். பம்பை நடுத்தர வேகத்தில் ஓட்டுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இதற்கு நேர் எதிரான ஒரு மூடநம்பிக்கையும் உலவுகிறது. அதையும் சொல்லாமல் விடக் கூடாது. "தண்ணீர் ரொம்ப வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் ஆறுவதற்கு நேரம் கிடைக்காது, அதனால் மெதுவாக ஓட்டு" என்பார்கள். கார் மெக்கானிக்குகளில் சிலரும் இதைச் சொல்வார்கள். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் தவறு. பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இரண்டு மடங்கு வேகமாக நடந்தால் ஒவ்வொரு இலையிலும் பாதிக் கரண்டிதான் விழும். ஆனால் இரண்டு தடவை வருவாரே! ஒரு துளித் தண்ணீர் ரேடியேட்டரில் இருக்கும் நேரம் பாதியாகும்போது, அது திரும்பி வரும் தடவைகள் இரண்டு மடங்காகின்றன. ரேடியேட்டரும் எப்போதும் தண்ணீர் நிரம்பித்தான் இருக்கிறது. ஓட்டம் கூடினால் அதன் கடைசி முனை வரைக்கும் சூடான தண்ணீரே போய்ச் சேர்வதால், கொஞ்சம் அதிகமாகத்தான் வெப்பம் வெளியேறும். வேக ஓட்டத்தால் வரும் நஷ்டம் பம்பின் சொந்தச் சூடும் சத்தமும் மின்சாரமும்தான்.

கணக்கு போதும், சோதனைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வீட்டில் உட்கார்ந்தோம். செய்தது இவ்வளவுதான். நீங்களும் செய்வதற்கு வசதியாக வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்று, மாற்றுவது ஒன்றே ஒன்று. பம்பின் வேகத்தை மட்டும் மாற்றினோம். செம்புத் தகட்டைக் கழற்றவே இல்லை. ஒருமுறை கழற்றித் திரும்பப் பேஸ்ட் தடவி மாட்டினாலே ஒன்றிரண்டு டிகிரி மாறிவிடும். நாம் தேடும் வித்தியாசமோ அதைவிடச் சிறியது. கழற்றி மாட்டிப் பம்பை ஒப்பிட்டவர் ஒப்பிட்டது பம்பையா, பேஸ்டையா என்று அவருக்கே தெரியாது.

இரண்டு, வேலையும் ஒன்றே. ஒரே வீடியோவை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ரெண்டர் செய்ய விட்டோம். ஃபேன் வேகத்தை ஓரிடத்தில் நிறுத்திவைத்தோம். தானியங்கியில் விட்டால் சூடு கூடும்போது ஃபேன் வேகமும் கூடி, பம்பு செய்ததையும் ஃபேன் செய்ததையும் பிரிக்க முடியாமல் போய்விடும்.

மூன்று, காற்றின் வெப்பநிலையைக் கழிப்பது. காலை பத்து மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் நம் வீட்டுக்குள்ளேயே நான்கைந்து டிகிரி வித்தியாசம் வரும். கழிக்காவிட்டால் காலையில் சோதித்த பம்பு நல்ல பம்பு ஆகிவிடும். ஏ.சி. போட்டால் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். அது ஓடி நின்று ஓடி நின்று அறையை மேலும் கீழும் இழுக்கும்.

நான்கு, காத்திருப்பது. தண்ணீரும் செம்பும் முழுதாகச் சூடேறி நிலைக்கு வரக் கால் மணி நேரமாவது ஆகும். நாங்கள் ஒவ்வொரு வேகத்துக்கும் அரை மணி நேரம் விட்டு, கடைசி ஐந்து நிமிட அளவுகளின் சராசரியை எடுத்தோம். ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள்.

ஐந்து, கருவியின் பிழையைத் தெரிந்துகொள்வது. டி.எஸ்.18பி20 என்ற சிறிய சென்சார் விலை குறைவு, நல்ல கருவி. ஆனால் அதன் துல்லியமே அரை டிகிரி கூடக் குறைய. அதனால் இரண்டு சென்சாரையும் முதலில் ஒரே டம்ளர் தண்ணீரில் போட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்து வைத்துக்கொண்டோம். பிறகு அதைக் கழித்துவிட்டோம். பிராசசருக்குள் இருக்கும் சென்சார் பல மாடல்களில் முழு டிகிரியாகத்தான் காட்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு, வரிசையைக் கலைப்பது, திரும்பச் செய்வது. குறைந்த வேகத்திலிருந்து ஏறிக்கொண்டே போனால், நேரம் ஆக ஆக வெயில் ஏறுவதும் அதோடு சேர்ந்துகொள்ளும். அதனால் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு வேகத்தையும் இரண்டு முறை பார்த்தோம்.

கிடைத்தது இதுதான். பம்பின் வேகம் நிமிடத்துக்கு 1,800 சுற்றில் ஓட்டம் 2 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 4,800 சுற்றில் 5 லிட்டரைத் தொட்டது. 2லிருந்து 3 லிட்டருக்குப் போனபோது பிராசசர் இரண்டு டிகிரி குறைந்தது. 3லிருந்து 4க்கு ஒரு டிகிரி. 4லிருந்து 5க்கு எங்கள் கருவிகளால் பார்க்கக்கூடிய வித்தியாசம் எதுவும் இல்லை. பம்பின் ரீங்காரம் மட்டும் அடுத்த அறை வரை கேட்டது. பெரிய பம்பு போட்டால் போய்ச் சேரும் இடம் இந்த 5 லிட்டரையும் தாண்டித்தான்.

அப்படியானால் சூடு ஏன்? ஒரு சென்சாரை அறையின் நடுவிலும், இன்னொன்றை ரேடியேட்டருக்குள் காற்று நுழையும் இடத்திலும் வைத்தோம். அறையில் 34 டிகிரி. ரேடியேட்டரின் வாயிலில் 41 டிகிரி. கம்ப்யூட்டர் பெட்டி மேசைக்கு அடியில், சுவரோடு ஒட்டி நின்றது. வெளியே தள்ளிய சூடான காற்று போக வழியில்லாமல் சுற்றி வந்து மறுபடி உள்ளேயே நுழைந்துகொண்டிருந்தது. நுழையும் காற்று ஏழு டிகிரி சூடு என்றால், தண்ணீர், செம்பு, சிப்பு எல்லாமே ஏழு டிகிரி மேலே. சங்கிலியின் அடி ஏறினால் நுனியும் அதே அளவு ஏறும்.

பெட்டியை வெளியே இழுத்து, ஒரு ஸ்டூல் மேல் திறந்த இடத்தில் வைத்தோம். ரேடியேட்டரில் போர்வை போலப் படிந்திருந்த தூசியைப் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம். ஃபேன் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினோம். எல்லாம் சேர்ந்து பத்து டிகிரிக்கு மேல் குறைந்தது. செலவு பூஜ்யம். பம்பை நடுத்தர வேகத்தில் வைத்துவிட்டு வந்தேன். அந்த 12,000 ரூபாயைக் கடன் தவணையில் கட்டியிருக்கிறான்.

பம்பை நான் ஒரேயடியாக மட்டம் தட்டுகிறேன் என்று எண்ண வேண்டாம். ஓட்டம் நிமிடத்துக்கு 2 லிட்டருக்கும் கீழே இருந்தால் பம்பைக் கவனிக்கத்தான் வேண்டும். இரண்டு கிராபிக்ஸ் கார்டு, மூன்று ரேடியேட்டர் என்று நீண்ட சுற்று போட்டவர்களுக்கு வலுவான பம்பு தேவை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுற்றில் திடீரென்று ஓட்டம் குறைந்தால், தகட்டின் பள்ளங்களில் அழுக்கு அடைத்திருக்கிறது, அல்லது காற்றுக்குமிழி சிக்கியிருக்கிறது என்று பொருள். அப்போதும் சுத்தம் செய்வதுதான் முதல் வைத்தியம். ஒரு பம்பு நின்றாலும் இன்னொன்று காப்பாற்றும் என்ற பாதுகாப்புக்காக இரண்டு பம்பு போடுகிறவர்கள் உண்டு. அது நியாயமான காரணம். ஆனால் அதைக் குளிர்ச்சிக்காக என்று சொல்லி விற்கக் கூடாது.

ஜெர்மனியில் மியூனிக் நகருக்குப் பக்கத்தில் கார்ஹிங் என்ற ஊரில் 2012இல் சூப்பர்மக் என்ற சூப்பர் கம்ப்யூட்டரை நிறுவினார்கள். அதற்கு அவர்கள் விட்ட தண்ணீர் சுமார் 40 டிகிரி. கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். செம்புக்கும் தண்ணீருக்கும் இடையே உள்ள பாதையை நன்றாக அமைத்துவிட்டால், அந்தத் தண்ணீரே சிப்புக்குப் போதுமான குளிர்ச்சி. குளிர்பதன இயந்திரத்துக்கு மின்சாரம் கொட்ட வேண்டியதில்லை, வெளிவரும் சூட்டில் கட்டடத்தையும் கதகதப்பாக்கிக்கொள்ளலாம். எந்தக் கண்ணியில் தடை என்று கண்டுபிடித்து அங்கே வேலை செய்ததன் பலன் அது.

இவ்வளவு நீளமாக எழுதியதற்குக் காரணம் பம்பு மட்டும் அல்ல. நம் பிள்ளைகள் எண்களைப் பார்க்கும் விதம் எனக்குக் கவலையாக இருக்கிறது. அட்டையில் 1,500 லிட்டர் என்று போட்டிருந்தால் அது உண்மை. யாரோ ஒருவர் வீடியோவில் சொன்னால் அது உண்மை. தன் வீட்டில், தன் மேசையில், தன் கையால் அளந்து பார்க்கலாம் என்ற எண்ணமே வருவதில்லை. வராததற்கு நாமும் காரணம். எத்தனை பள்ளிகளில் செய்முறை வகுப்பு நேரம் கணக்குப் பாடத்துக்குக் கடன் போகிறது! எத்தனை ரெக்கார்டு நோட்டில் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஏற்ற அளவுகளைப் பின்னால் நிரப்புகிறார்கள்! செய்யாத சோதனைக்கு முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை, வளர்ந்த பிறகு சோதிக்காத பொருளுக்கு முழு விலை கொடுக்கிறான். அந்த விலையைக் கடன் வாங்கிக் கொடுக்கிறபோது அது விளையாட்டு இல்லை.

என்னிடம் படித்து இன்று ஆசிரியர்களாக இருக்கும் உங்களில் பலருக்கு ஒரு வேண்டுகோள். இந்தச் சோதனைக்கு விலை உயர்ந்த கம்ப்யூட்டர் வேண்டாம். ஏர் கூலருக்குள் போடும் சின்னப் பம்பு ஒன்று, இரண்டு மீட்டர் டியூப், ஒரு வாளி, ஒரு லிட்டர் அளவுக் குவளை, ஸ்டாப் வாட்ச். குவளை நிரம்ப எத்தனை விநாடி என்று பார்த்தால் ஓட்டம் கிடைத்துவிடும். டியூபை ஓர் அடி, இரண்டு அடி, மூன்று அடி என்று உயர்த்திக்கொண்டே போகச் சொல்லுங்கள். உயரம் ஒரு பக்கம், ஓட்டம் ஒரு பக்கம் போட்டு வரைபடம் வரையச் சொல்லுங்கள். பம்பு அட்டையில் இருக்கும் இரண்டு எண்களும் அந்தக் கோட்டின் இரண்டு முனைகள் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். பம்புக்குப் பேர் போன கோயம்புத்தூர் நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குப் பம்பின் வளைகோடு தெரியாமல் போகலாமா? மின்சாரமும் தண்ணீரும் சேரும் இடம், ஆகவே பிளக்கைத் தொடுவது நீங்களாக மட்டும் இருக்கட்டும்.

வீட்டில் வாட்டர் கூலிங் வைத்திருப்பவர்களுக்கும் அதே வேண்டுகோள். வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். ரேடியேட்டருக்குள் போகும் காற்று எத்தனை டிகிரி, அறை எத்தனை டிகிரி, பம்பு மூன்று வேகத்தில் ஓடும்போது பிராசசர் எத்தனை டிகிரி. இந்த ஐந்து எண்களைக் கீழே கருத்தில் எழுதுங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். என் கணக்குக்கு மாறான எண் யாருக்காவது வந்தால் அதைத்தான் முதலில் படிப்பேன். அதைவிடச் சுவாரசியமானது ஒரு வாத்தியாருக்கு வேறென்ன இருக்கிறது?

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்